நாலாம் கோடு

அப்பா கண்ணை மூடுவதற்கு முன்னால் நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். துப்பாக்கியைத்தான் பிரிக்க முடியவில்லை. மேட்டு நிலமும் பேரிக்காய்த் தோட்டமும் பெரியவனுக்கு. காட்டோரமாக இறங்கிப் போகும் மக்காச்சோளக் கொல்லை சின்னவனுக்கு. ஒற்றைக்குழல் துப்பாக்கி இரண்டு பேருக்கும் பொது. லைசென்ஸிலும் இரண்டு பேர் பெயரும் இருந்தது. வீடு ஒன்று, அடுப்பு ஒன்று, துப்பாக்கி ஒன்று என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். சொன்னவர்களில் பாதிப்பேர் அது எப்போது உடையும் என்று காத்திருந்தவர்கள்.

உடையக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவள் மூத்த மருமகள். அவள் பிறந்த வீடு அப்படித்தான் பிரிந்து போனது. அவள் அம்மா இந்த மாதம் இந்த மகன் வீடு, அடுத்த மாதம் அந்த மகன் வீடு என்று ஒரு துணிப்பையோடு அலைந்தே போய்ச் சேர்ந்தாள். அந்தப் பையின் காதை மூன்று தடவை தைத்துக் கொடுத்தவள் இவள்தான். அதனால் இந்த வீட்டுக்கு வந்த இருபத்துநாலு வருஷத்தில், கொழுந்தன் கல்யாணமாகி இளையவள் வந்த பிறகும், ஒரு வாய் அதிகமாகப் பேசாமல், ஒரு வாய் சோறு குறைவாகத் தின்று வீட்டைப் பிடித்து வைத்திருந்தாள். அவளுக்கு அதைவிட்டால் வேறு சாமர்த்தியம் இல்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

துப்பாக்கியின் தகராறு இதுதான். பேரிக்காய் பழுக்கும்போது பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். ஒரு பழத்தை முழுசாகத் தின்றாலும் பரவாயில்லை, நூறு பழத்தில் ஒவ்வொரு கொத்து கொத்திவிட்டுப் போகும். இருபதடி தூரத்தில் சுட்டால் தோட்டாவிலிருக்கும் ஈய ரவைகள் பரந்து விரிந்து போக வேண்டும். கொல்லைக்கு வருவதோ காட்டுப்பன்றி. நாற்பது தப்படி தூரத்தில் நிற்கும். அதற்கு ரவைகள் ஒன்றாகச் சேர்ந்து போக வேண்டும். அப்பா காலத்துக் குழலின் வாய் நெருக்கமானது. பெரியவன் சுட்டால் ஒரு பறவை சல்லடையாகிக் கிளையோடு விழும், மற்றதெல்லாம் அடுத்த மரத்தில் போய் உட்காரும்.

"வாயைக் கொஞ்சம் அறுத்துட்டா விரிஞ்சு போகும்" என்பான் பெரியவன்.

"அறுத்துட்டா பன்னி என் கொல்லையிலயே குடும்பம் நடத்தும்" என்பான் சின்னவன்.

மூன்று வருஷம் இதே பேச்சு. கடைசியில் ஒருநாள் மூத்தவளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக டவுனுக்குப் போனார்கள். துப்பாக்கி ரிப்பேர்க் கடைக்காரருக்கு ஒத்தைக்கண்ணர் என்று பெயர். இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருக்கும். டீ குடிக்கும்போதுகூட இடது கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம். அவர் இரண்டு பேர் வழக்கையும் கேட்டுவிட்டு மூத்தவளைப் பார்த்தார்.

"வீட்ல ரப்பர் குழாய் இருக்கா தாயி? செடிக்குத் தண்ணி விடறப்ப வாயை விரலால அமுக்கினா என்ன ஆகும்?"

"தூரமாப் போகும்."

"விட்டா?"

"பக்கத்துலயே கொட்டும்."

"அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போயி ரெண்டு ஆம்பளைங்க மூணு வருஷம் சண்டை போட்டிருக்காங்க."

மேஜையில் இரண்டு சாமான் எடுத்து வைத்தார். ஒன்று, குழல் வாய்க்குள்ளே திருகிப் பொருத்தும் சின்னச் சின்னக் குழாய்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று, கழற்ற ஒரு சாவி. இன்னொன்று, குழல் நுனியில் நிரந்தரமாகப் பற்றவைக்கிற ஒரு வளையம். திருப்பினால் வாய் நெருங்கும், விரியும். மேலே ஏழு கோடு.

"குழாய் சுத்தமா வேலை செய்யும். ஆனா ஒண்ணு தொலைஞ்சாலும் போச்சு, போடாம சுட்டா உள்ள இருக்கற மரை போச்சு."

"எங்க வீட்ல பீரோ சாவியே வாரத்துக்கு ரெண்டு நாள் தொலையும்" என்றாள் மூத்தவள்.

"அப்ப வளையம்தான். ஒண்ணு முழுசா விரிவு. ஏழு முழு இறுக்கம். ஒவ்வொரு கோட்டுக்கும் டக்குனு ஒரு சத்தம் வரும், கையிலயும் தெரியும். அண்ணனுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஏழு. சண்டை முடிஞ்சுது."

முடிந்தது போலத்தான் இருந்தது. வளையம் வைத்து வந்த மறுநாள் தோட்டத்துக் கயிற்றில் பழைய படுக்கை விரிப்பைக் கட்டி, நடுவில் கரியால் ஒரு வட்டம் போட்டு, முப்பது தப்படி தள்ளி நின்று சுட்டுப் பார்த்தார்கள். நல்ல விரிப்பு அது, இன்னும் ஒரு வருஷம் வந்திருக்கும் என்று மூத்தவள் புலம்பிக்கொண்டே ஓட்டைகளை எண்ணினாள். ஒன்றாம் கோட்டில் ஓட்டைகள் விரிப்பு முழுக்கத் தெளித்திருந்தன. நாலாம் கோட்டில் பாதிக்கு மேல் வட்டத்துக்குள். ஏழாம் கோட்டில் வட்டமே கிழிந்து தொங்கியது. இளையவள் அந்தக் கிழிசலுக்குள் தலையை விட்டு, "அக்கா, இனிமே இதை அவருக்குச் சட்டையாத் தெச்சுப் போட்டுடலாம்" என்றாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் நாலு பேரும் சேர்ந்து சிரித்ததில் அது கடைசி என்று யாருக்குத் தெரியும்?

பத்து நாளில் புதுத் தகராறு வந்தது. சின்னவன் ஏழில் விட்டுப்போனதைப் பார்க்காமல் பெரியவன் பறவைக்குச் சுட்டு ஒரு கிளையையே முறித்தான். பெரியவன் ஒன்றில் விட்டுப்போனதைப் பார்க்காமல் சின்னவன் பன்றிக்குச் சுட்டு, அது வலியில் கத்திக்கொண்டே ஒரு ஏக்கர் சோளத்தை உழுதுவிட்டுப் போனது. அப்போது மூத்தவள்தான் வழி சொன்னாள்.

"யாரு சுட்டாலும் முடிச்சதும் நாலுல கொண்டுவந்து வெச்சிடுங்க. எடுக்கறவங்களுக்கு எங்க இருக்குன்னு தேட வேண்டாம்."

அது அந்த வீட்டுச் சட்டமாயிற்று. பறவைக்கு இடப்பக்கம் மூன்று டக், பன்றிக்கு வலப்பக்கம் மூன்று டக். சின்னவன் விடியலில் இருட்டோடு இருட்டாகப் போகிறவன். கோட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். விரலால் எண்ணித் திருப்புவான். அதில் அவனுக்கு ஒரு பெருமையும் உண்டு.

சுட்டவர்தான் துடைத்து வைக்க வேண்டும் என்று இன்னொரு சட்டமும் போட்டார்கள். அது இரண்டே நாள். அப்புறம் எச்சில் தட்டு மாதிரி அதுவும் மூத்தவளிடம் வந்து சேர்ந்தது. வளையத்தின் பிளவுகளில் புகை படியும். எண்ணெய் விட்டு, ஒன்றிலிருந்து ஏழு வரைக்கும் இரண்டு தடவை திருப்பி எடுக்காவிட்டால் இறுகிப் போகும். அவள் அதையும் அடுப்படி வேலையோடு வேலையாகச் செய்தாள், ஒருநாளும் நாலைத் தவறவிடவில்லை.

அந்த வருஷம் சோளம் பால் பிடித்தபோது ஒரு பெரிய ஆண் பன்றி வந்தது. சொல்லாமல் வரும், வயிறு முட்டத் தின்னும், படுத்துப் புரண்டு விட்டுப் போகும். அதனால் சின்னவன் அதற்கு மாமனார் என்று பெயர் வைத்தான்.

"எங்கப்பா ஒரு வாய் காப்பிக்கு மேல இந்த வீட்ல குடிச்சதில்ல, அவரை எதுக்கு இழுக்கறீங்க?" என்று இளையவள் கரண்டியைத் தூக்கினாள்.

மாமனார் ரவைக்கெல்லாம் மசியவில்லை. தோலைச் சிலுப்பிக்கொண்டு போய்விடும். சின்னவன் டவுனுக்குப் போய் ஒற்றைக் குண்டுத் தோட்டா இரண்டு வாங்கி வந்தான். விற்கும்போது ஒத்தைக்கண்ணர் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு சொன்னாராம்: "இதைப் போடறப்ப வளையம் ஒண்ணுல இருக்கணும். ரவைன்னா நெருங்கிப் போயிடும், ஒத்தைக் குண்டு நெருங்காது. வளையம்தான் கிழியும்." அதைச் சின்னவன் தோட்டத்தில் வைத்து அண்ணனிடம் சொன்னான், தன் பெண்டாட்டியிடமும் சொன்னான். அண்ணியிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் சுடுகிறவள் இல்லையே, துடைக்கிறவள்தானே.

அன்று மத்தியானம் பெரியவன் பறவைக்குச் சுட்டுவிட்டு வந்து, நாலில் வைத்து, சுவரில் சாத்தினான். அதை அவள் கண்ணால் பார்த்தாள். சாயங்காலம் பின்வாசல் படியில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இளையவள் மறுநாளைக்கு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பனி அப்போதே இறங்கத் தொடங்கியிருந்தது.

"நாளைக்கு விடியறதுக்குள்ள மாமனாரைப் பாத்துடறேன்னு கிளம்பறாருக்கா. சொன்னாக் கேக்க மாட்டேங்கறாரு."

"இந்தக் குளிர்லயா? போன தடவையே விரல் விறைச்சுப்போயி, டம்ளரைப் பிடிக்க முடியாம நின்னாரே தம்பி."

மூத்தவள் எண்ணெய் விட்டு வளையத்தைத் திருப்பினாள். ஒன்று, ஏழு, ஒன்று, ஏழு. நாலுக்குக் கொண்டுவரப் போனவள் நிறுத்தினாள். பன்றிக்கு ஏழு. இத்தனை மாதமாகக் காதில் விழுந்த பாடம் அதுதான். விறைத்த விரலால் பாவம் அவர் எதற்கு மூன்று தடவை திருப்ப வேண்டும் என்று நினைத்தாள். திருப்பிப் பார்த்தாலும் அதற்கு மேல் நகராது, தெரிந்துகொள்வார் என்றும் யோசித்தாள். ஏழிலேயே வைத்துத் துணியைச் சுற்றி மூலையில் நிறுத்திவிட்டு, உலை கொதிக்கிறதா என்று பார்க்க உள்ளே போனாள்.

விடியலில் வெடிச்சத்தம் கேட்டபோது அவள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமான சத்தம் இல்லை அது. தகரத்தைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம், அதன் பின்னாலேயே மனுஷக் குரல்.

சின்னவனுக்குக் குழலைக் கவட்டைக் கம்பில் வைத்து, இடது கையால் கம்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துச் சுடும் வழக்கம். வளையத்துக்கு ஒரு சாண் பின்னால்தான் கை இருந்தது. வளையம் கிழிந்து, குழல் நுனி வாழைப்பழத் தோல் மாதிரி விரிந்திருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அங்கேயே போய்விட்டன. கட்டைவிரலின் மேல் கணுவை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். பெரியவன் தோட்டத்தில் நிற்கிற இருநூற்றுச் சொச்சம் பேரிக்காய் மரமும் அந்த இடது கை ஒட்டுக்கட்டியது. சீவிய குச்சியைப் பிளவில் நிறுத்திப் பிடிக்க அந்த மூன்று விரல்தான் வேண்டும். நாலு ஊரிலிருந்து ஆள் விட்டுக் கூட்டிப்போவார்கள் அவனை.

ஆஸ்பத்திரியில் சின்னவனுக்கு மயக்கம் தெளிந்ததும் வார்டிலிருந்து வராந்தாவுக்குக் கேட்ட முதல் குரல் இதுதான்:

"எண்ணித்தான் திருப்பினேன். இடப்பக்கம் மூணு. எண்ணித்தான் திருப்பினேன்."

"இவன் எங்க எண்ணினான், தூக்கக் கலக்கத்துல ரெண்டோட நிறுத்தியிருப்பான்" என்றான் வராந்தாவில் நின்ற பெரியவன். பயத்தில் பேசினான். தன் தம்பியின் ரத்தம் சட்டையில் காயாமல் இருக்கும்போது மனுஷன் வேறெப்படிப் பேசுவான்? ஆனால் சொல் போய்விட்டது, உள்ளே கேட்டும்விட்டது.

மூத்தவள் சுவரோடு சாய்ந்தாள். இடப்பக்கம் எதற்குத் திருப்பினார், பன்றிக்கு வலப்பக்கம்தானே என்று இளையவளைக் கேட்டாள். இளையவள் ஒற்றைக் குண்டு விஷயத்தைச் சொன்னாள். ஏழிலிருந்து மூன்று போனால் நாலு. ஒன்றாம் வகுப்புக் கணக்கு. இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். டாக்டர் வந்தார், கையெழுத்துக் கேட்டார்கள், ரத்தம் கேட்டார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தாள். மறுநாள் அவன் முகத்தைப் பார்த்ததும் கொண்டுபோன கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். உண்மை முதல் நாளில் சொன்னால் தப்பு, பத்தாம் நாளில் சொன்னால் துரோகம் என்று அவளுக்குப் புரிந்தபோது பதினோரு நாள் ஆகியிருந்தது.

சின்னவனை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு ஒத்தைக்கண்ணர் பார்க்க வந்தார். போலீஸ் எடுத்துப்போன துப்பாக்கியை அவரைக் கூப்பிட்டுத்தான் காட்டியிருந்தார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"சுடறப்ப வளையம் நாலுல நின்னிருக்கு. உடைஞ்ச துண்டுல தெளிவாத் தெரியுது. யாரு வெச்சதுன்னு துண்டு சொல்லாது."

"பாத்தியா?" என்று பெரியவன் எழுந்தான். "நாலு! நான் நாலுல வெச்சது அப்படியே இருக்கு. நீ திருப்பவே இல்ல. இதை நான் சொன்னா எனக்குக் கெட்ட பேரு."

சின்னவன் மெதுவாகத்தான் பேசினான்.

"நான் மூணு திருப்பின அப்புறம் நாலுல நிக்குதுன்னா, நீ ஏழுலதான வெச்சிருக்க."

"பறவைக்கு நான் எதுக்குடா ஏழு வைக்கப்போறேன்?"

"அதைத்தான் நானும் பத்தொம்பது நாளா யோசிக்கறேன். குண்டு வாங்கினதும் உனக்குத் தெரியும். விடியக்காலையில போறதும் உனக்குத் தெரியும். உன் மரமெல்லாம் கட்டி முடிச்சாச்சு. இனிமே இந்தக் கை உனக்கு எதுக்கு?"

பெரியவன் அடிக்கக் கையை ஓங்கினான், கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு இறக்கினான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ஒத்தைக்கண்ணர் டீயைக் குடிக்காமலேயே கிளம்பினார். சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டு என்றால் அது இதுதான், அதையும் சொல்லியாகிவிட்டது.

மறுநாளிலிருந்து இரண்டு நேரம் சாப்பாடு. முதலில் பெரியவன், அவன் கை கழுவிப் போன பிறகு சின்னவன். இளையவள் பிசைந்து கொடுக்க, அவன் வலது கையால் அள்ளித் தின்பான். இடது கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொள்வான். மூத்தவள் கேட்டுக் கேட்டுப் பரிமாறுவாள். "போதும் அண்ணி" என்பான். அவளிடம் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. காலையில் எழுந்தால் அவன் தன் செருப்பு வாரை ஒற்றைக் கையால் மாட்டப் போராடுவது ஜன்னலில் தெரியும். ஓடிப்போய் மாட்டிவிடவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது.

ஒரு மாதத்தில் காட்டோரக் கொல்லைப் பக்கம் ஓர் அறையும் அடுப்பும் எழும்பின. சாமான் ஏற்ற வண்டி வந்த அன்று காலையில்தான் மூத்தவள் வாயைத் திறந்தாள். இரண்டு பேரும் ஒரே கூடத்தில் நின்றது அன்றைக்குத்தான். ஒருவன் சாமான் எடுக்க, ஒருவன் எது போகிறது என்று பார்க்க.

"வண்டியை நிறுத்துங்க. நான் ஒண்ணு சொல்லணும்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"ஏழுல வெச்சது நான். அன்னைக்கு சாயங்காலம் துடைச்சிட்டு, தம்பிக்குக் கை விறைக்குமேன்னு நான்தான் ஏழுல வெச்சேன். ஒத்தைக் குண்டு போடுவீங்கன்னு எனக்குத் தெரியாது. உங்க அண்ணன் நாலுலதான் வெச்சாரு. நீங்களும் மூணு சரியாத்தான் எண்ணியிருக்கீங்க. ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. தப்பு என்னோடது."

அடிப்பார்களோ, துப்புவார்களோ, எதுவானாலும் சரி என்று நின்றாள். ஒருவேளை, ஒருவேளை வண்டியில் ஏற்றிய சாமான் திரும்ப உள்ளே வரும் என்று ஒரு ஆசையும் இருந்தது.

முதலில் சின்னவன் சிரித்தான். சிரிப்பில் பிரியம்தான் இருந்தது.

"விடுங்க அண்ணி. அவரைக் காப்பாத்த உங்க தலையில எதுக்குப் போட்டுக்கறீங்க? உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? இத்தனை மாசத்துல ஒருநாள் நீங்க நாலைத் தவற விட்டிருப்பீங்களா?"

"சத்தியமாச் சொல்றேன் தம்பி..."

"ஏய், போதும் நிறுத்து" என்றான் பெரியவன். "பிரியக் கூடாதுன்னு நீ என்ன பொய் வேணாலும் சொல்லுவ. அவனுக்கு எண்ணத் தெரியலைங்கறதை மறைக்க நீ பழி ஏத்துக்கறியா? ஒத்தைக்கண்ணர் முன்னாடி ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டோமே, அப்ப எங்க போச்சு இந்த வாய்?"

இரண்டு மாதமாக ஒருவர் மேல் ஒருவர் கட்டிவைத்த கோபத்தை இரண்டு பேருமே ஒரு பொம்பளையின் ஒரு பேச்சுக்காகக் கலைத்துவிடத் தயாராக இல்லை. அதை நம்பினால் தம்பி அண்ணன் காலில் விழ வேண்டும், அண்ணன் தம்பி கையைப் பிடித்து அழ வேண்டும். அதைவிட இவள் பொய் சொல்கிறாள் என்பது சுலபம். பெரியவன் தோட்டத்துக்குப் போய்விட்டான். சின்னவன் வண்டிக்காரனிடம் போய் நின்றான்.

கூடத்தில் மூத்தவளும் இளையவளும் மிஞ்சினார்கள். இளையவள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயாவது நம்புடி. சத்தியமா நான்தான்."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"நீங்க ஏழுல வெச்சது. பக்கத்துலதான அவரைக்காய் உரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்." இளையவள் முடிச்சை இழுத்து இறுக்கினாள். "அப்ப எனக்கு ஒண்ணும் தோணல. ஆஸ்பத்திரியில நீங்க சுவத்துல சாஞ்சப்பதான் புரிஞ்சுது."

"புரிஞ்சும் நீ அவர்கிட்ட சொல்லலையா? உன் புருஷன் கைடி. என் மேல ரெண்டு வார்த்தை காறித் துப்பியிருக்கலாமே."

"எதுக்குச் சொல்லணும்? சொன்னா ரெண்டு நாள் உங்க மேல கோவப்படுவாரு. அப்புறம் அண்ணி தெரியாம செஞ்சாங்கன்னு விட்டுடுவாரு. அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடிச்சு அழுவாங்க. நான் மறுபடியும் இந்த அடுப்படியில, உப்பு எவ்வளவு போடலாம்னு உங்களைக் கேட்டுக்கிட்டு நிப்பேன்." குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. "பதினோரு வருஷம்க்கா. நீங்க என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல. ஆனா என் கையால ஒரு நாள் உலை வைக்க விட்டதும் இல்ல. அவருக்கு விரல் போச்சு. போனது போனதுதான். எனக்கு ஒரு வீடாவது கிடைக்கட்டும்."

மூத்தவளுக்கு அழலாம் என்றால் யாருக்காக என்று தெரியவில்லை. வெளியே வண்டிக்காரன் நேரமாகிறது என்று குரல் கொடுத்தான். இளையவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உள்ளறைக் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினாள். கனமான மரக்கட்டில், ஒருத்தியால் நகர்த்த முடியாது.

"அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்கக்கா" என்றாள். "அவரால பிடிக்க முடியாது."

மூத்தவள் போய் மறுமுனையைப் பிடித்தாள். நிலை குறுகலானது, கட்டிலைச் சாய்த்து, திருப்பி, நகர்த்தி நகர்த்தித்தான் வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. போகும் வழியெல்லாம் இரண்டு பேரும் பழக்கத்தில் ஒருத்திக்கு ஒருத்தி, "கை, கை, பாத்து" என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.